ஓர்மையின் எல்லை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரை, அதனை அடுத்துப் பாறசாலை, அதனை அடுத்து இஞ்சிவிளை என ஊர்கள் வரிசையாக வருகின்றன. இஞ்சிவிளைக்கு அடுத்த ஊர் களியக்காவிளை. முன்னது கேரளம், பின்னது தமிழ்நாடு. இடையே குறுக்கிடும் ஆறு இல்லை, மலையும் இல்லை. இருபுறமும் அதே தென்னை, அதே வாழை, அதே மரச்சீனி. மரங்கள் அடர்ந்த மேட்டு நிலத்தை 'விளை' என்று சொல்லும் வழக்கமும் இருபுறத்துக்கும் பொதுவே. கடைப் பலகைகளின் எழுத்து மாறுவதைக் கண்டுதான் வழிப்போக்கர் தாம் எல்லை கடந்ததை உணர்வர்.

இவ்வூர்களில் நினைவு என்பதற்கு வழங்கும் சொல் 'ஓர்மை'. தமிழ் பேசுவோரும் அதைச் சொல்வர்; மலையாளம் பேசுவோரும் சிறிது திரித்து அதையே சொல்வர். 'ஓர்தல்' என்றால் ஆராய்தல் என்று பொருள். எனவே எல்லைப்புறத்து மக்களின் வாயில் நினைவு என்பது பெட்டிக்குள் வைத்த பண்டம் அன்று, ஒரு தேடல். தேடல் என்று ஒன்று இருந்தால் அதற்கு முடிவும் இருக்க வேண்டும் அன்றோ? தேடுவதை எப்போது நிறுத்துவது? அதனை முடிவு செய்பவர் யார்? இன்றைய பேச்சுக்கு இதுவே பொருள்.

என் தாயாருக்கு அத்தை முறையாகும் மூதாட்டி ஒருவர் இஞ்சிவிளைக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்ந்தார். பிறந்தது குழித்துறைப் பக்கம். 1955-ஆம் ஆண்டில் மணமுடித்து மேற்கே வந்தார். அன்று பிறந்த ஊரும் புகுந்த ஊரும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்யத்தில் இருந்தன. மறு ஆண்டே பிறந்த ஊர் சென்னை இராஜ்யத்திற்கும், புகுந்த ஊர் கேரளத்திற்கும் உரியவாயின. விடுமுறைக்குத் தில்லியிலிருந்து செல்லும்போதெல்லாம் அவரிடம் பழங்கதை கேட்பது என் வழக்கமாக இருந்தது.

நான் கேட்கும் கேள்விகளுக்குப் பாட்டி மூன்று விதமாக இல்லை என்பார். "அது நான் கேட்டதில்ல மக்ளே" என்பது ஒன்று. கேள்வி முடியுமுன்பே இவ்விடை வந்துவிடும். "எனக்கு ஓர்மை இல்ல" என்பது இரண்டாவது. இது சற்றுப் பொறுத்து, வெற்றிலையை மடித்து வாயில் இட்ட பிறகு வரும். மூன்றாவது "ஓர்மை வரல்ல" என்பது. அப்படிச் சொல்லிவிட்டார் என்றால் பேச்சு வேறு திசையிற் போனாலும் தேடல் உள்ளே நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மறுநாள் விடியற்காலையில், கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, நேற்றுக் கேட்ட பெயர் திடீரென்று வந்து நிற்கும்.

படிப்பறியாத கிழவியின் இம்மூன்று விடைகளையும் மேலை நாட்டு உளவியலார் வெகுகாலம் கழித்தே பகுத்துக் கண்டனர். 1965-ல் ஹார்ட் என்பவர் ஓர் ஆராய்ச்சி செய்தார். விடை சொல்ல இயலாத ஒருவர், 'எனக்குத் தெரியும், ஆனால் வரவில்லை' என்று உணர்வது வெறும் பிரமையா என்று அவர் சோதித்தார். பிரமை அன்று என்பதே முடிவு. அவ்வாறு உணர்ந்தவர்கள், பல விடைகளை எதிரே வைத்தபோது சரியானதைப் பெரும்பாலும் கண்டுகொண்டனர். அடுத்த ஆண்டில் பிரவுன், மக்நீல் என்ற இருவர் நாவின் நுனியில் நிற்கும் சொல்லைப் பற்றி ஆராய்ந்தனர். சொல் வாராவிடினும் அதன் முதல் எழுத்து இன்னது, அசைகள் இத்தனை என்று மக்கள் பலமுறை சரியாகவே கூறினர் என்பது அவர்கள் கண்ட வியப்பு. பொருள் அகப்படுமுன் அதன் நிழல் அகப்படுகிறது. நிழல் தெரியும் வரையில் தேடலை நிறுத்த மனம் வருவதில்லை.

வள்ளுவப் பெருந்தகை இதனை மறுபுறமிருந்து பார்த்தார். நினைந்தவர் புலம்பல் என்ற அதிகாரத்தில் பிரிவாற்றாத ஒருத்திக்குத் தும்மல் வருவதுபோல் வந்து, வாராமல் அடங்கிவிடுகிறது. தொலைவில் உள்ளவர் என்னை நினைக்கத் தொடங்கி, நினையாமலே விட்டுவிட்டாரோ என்று அவள் ஐயுறுகிறாள். பாதியில் நிறுத்தப்பட்ட நினைவின் மறுமுனையில் ஓர் உயிர் காத்திருக்கிறது என்பதனை உளவியலார் எவரும் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எப்போது நிறுத்துகிறோம் என்ற வினாவுக்கு அண்மைக் காலத்து விடைகள் இரண்டு உள்ளன. தேடித் தேடி வெறுங்கையுடன் திரும்பிய முறைகள் கூடிக்கொண்டே போய், மொத்தம் ஓர் அளவை எட்டியதும் மனம் கைவிட்டுவிடுகிறது என்று 2009-ல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் காட்டினர். விலங்குகளின் பெயர்களை வரிசையாகச் சொல் என்று கேட்டால், மேயும் மாடு ஒரு புதரைத் தின்று, புல் அருகியதும் அடுத்த புதருக்குப் போவது போலவே மனிதரும் வீட்டு விலங்குகளிலிருந்து காட்டு விலங்குகளுக்கும், அவற்றிலிருந்து நீர்வாழ்வனவற்றிற்கும் தாவுகின்றனர் என்று 2012-ல் ஹில்ஸ் என்பாரும் அவர் துணைவர்களும் எழுதினர். இவை ஆராய்ச்சிச்சாலையில் ஓரிரு நிமிடங்களில் நடப்பவை. ஒரு நாட்டுப்புறம் முழுவதும் பல தலைமுறைகளாகத் தேடும்போது என்ன நிகழ்கிறது என்பதற்குச் சரித்திரத்தையே கேட்க வேண்டும்.

முதலில் வயதை எடுத்துக்கொள்வோம். பழைய திருவிதாங்கூரில் பிறந்தநாள் எழுதி வைத்த வீடுகள் சிலவே. வயது கேட்டால் மக்கள் ஆண்டுகளை எண்ண மாட்டார்கள். ஒரு நிகழ்ச்சியைப் பற்றிக்கொள்வர். அவற்றுள் தலையாயது 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்'. கொல்லம் ஆண்டு 1099, ஆடி மாதம். அதாவது 1924 ஜூலை. அந்த மழை மூணாற்று மலையிலிருந்த சிறு ரயில் பாதையை அழித்தது. நடுத் திருவிதாங்கூரை முழுக்கியது. நூற்றாண்டு இலக்கத்தை விட்டு வெறுமனே 'தொண்ணூற்றொன்பது' என்றாலே கேரளம் முழுவதும் அந்த வெள்ளந்தான். "எங்க மூத்த அண்ணன் தொண்ணூற்றொம்பதுக்கு மடியில கெடந்த பிள்ள" என்பார் பாட்டி. தம் வயதுக்கு அவர் பற்றிய கொழுகொம்பு வேறு. கொல்லம் 1112 ஐப்பசியில், 1936 நவம்பர் 12-ஆம் நாள், திருவிதாங்கூர் மன்னர் தம் அரசின் கோயில்களை இந்துக்களில் எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிட்டார். "கோயில் தொறந்தப்ப நான் அம்மைக்க வயித்தில" என்று பாட்டி சொல்வார். அத்துடன் தேடல் முடிந்தது. மாதம் எது, நாள் எது என்று அதற்கப்பால் அவர் தேடியதே இல்லை.

அரசாங்கமும் இவ்வழக்கத்தை அறிந்தே நடந்துகொண்டது. ஜனத்தொகைக் கணக்கெடுப்பவர்கள், வயது தெரியாதவரிடம் ஊரறிந்த நிகழ்ச்சிகளைச் சொல்லி, அதற்கு முன்பா பின்பா என்று கேட்டு மதிப்பிட வேண்டும் என்பது விதி. திருவிதாங்கூரில் முறையான கணக்கெடுப்பு 1875-லேயே நடந்தது. கொழுகொம்பு கிடைக்காதவர் என்ன செய்தார்? முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று முழு எண்ணில் நின்றுவிட்டார். இந்தியாவின் பழைய கணக்கெடுப்புகள் எல்லாவற்றிலும் சுழியிலும் ஐந்திலும் முடியும் வயதினர் மலைபோல் குவிந்திருப்பர்; முப்பத்தொன்று வயதினரைக் காண்பது அரிது. இக்குவிப்பை அளக்க விப்பிள் என்ற அமெரிக்கர் பெயரால் ஓர் அளவுகோல் உண்டு. இருபத்துமூன்று முதல் அறுபத்திரண்டு வரையுள்ள வயதுகளை எடுத்துக்கொண்டு, குவிப்பே இல்லையென்றால் 100 என்றும், எல்லாரும் சுழியிலும் ஐந்திலுமே நின்றுவிட்டால் 500 என்றும் அது காட்டும். இதை மக்களின் எண்ணறிவின்மைக்கு அளவாகச் சரித்திர ஆசிரியர் கொள்கின்றனர். எனக்கு அது முழுதும் உடன்பாடன்று. 'நாற்பது' என்று சொன்னவர் எண்ணத் தெரியாமல் நின்றார் என்பதைவிட, கேட்டவருக்கு அது போதும் என்று கண்டு நின்றார் என்பதே பொருத்தம்.

போதுமானது கிட்டியதும் தேடலை நிறுத்துவதே மனித அறிவின் இயல்பு. ஆகச் சிறந்ததைக் காணும் வரையில் எவரும் தேடுவதில்லை என்று ஹெர்பர்ட் சைமன் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதினார். பின்னாளில் நோபெல் பரிசு பெற்ற அவர் இக்கருத்தை விரித்துரைத்த ஆண்டு 1956. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் ஐயமே கிடையாது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் நாவின் நுனியில் நிற்கும். கோப்பு மாலைக்குள் மேலதிகாரியிடம் போக வேண்டும். நான்கரை மணிக்கு மனம் தானாகவே வேறொரு சொல்லில் திருப்தி அடைந்துவிடும். சரியான சொல் இரவில் பஸ்ஸில் போகும்போது வரும்.

சட்டமும் தேடலுக்கு எல்லை வகுத்திருக்கிறது. முப்பது ஆண்டு பழமையான பத்திரம், உரிய இடத்திலிருந்து வெளிப்பட்டால், அதில் கையெழுத்திட்டவர் அவர்தாமா என்று சாட்சிகளின் நினைவைக் கிளறாமலே நீதிமன்றம் அதனை மெய்யானதாகக் கொள்ளலாம். ஏழாண்டுகளாக ஒருவரைப் பற்றி, இயல்பாகச் செய்தி அறிந்திருக்க வேண்டியவர்கள் ஒன்றும் அறியாதிருந்தால், அவர் உயிரோடிருக்கிறார் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அப்படிச் சொல்பவரையே சாரும். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் இவ்வாறு விதித்தது. 2024 ஜூலையில் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இவ்விரண்டு விதிகளையும் அப்படியே வைத்துக்கொண்டது. வைதிகச் சடங்கின் எல்லை தலைமுறைக் கணக்கு: தந்தை, பாட்டன், முப்பாட்டன். ஆடி அமாவாசையன்று நெய்யாற்றங்கரையிலுள்ள அருவிப்புறத்தில் பெருங்கூட்டம் கூடிப் பிதிர்க்கடன் செய்கிறது. 1888-ல் நாராயண குரு சிவனைப் பிரதிஷ்டை செய்த இடம் அது. முழந்தாள் அளவு நீரில் நிற்பவரிடம் பெயர் கேட்பார்கள். பெயர் வரவில்லையென்றால் சடங்கு நின்றுவிடாது. அறிந்தோர், அறியாதோர் யாவர்க்கும் என்று எள்ளும் நீரும் விட்டு அடுத்த படிக்குச் செல்லலாம்.

சொத்து இடையே வந்தால் கதையே வேறு. தெற்குத் திருவிதாங்கூரில் நாயர் குடும்பங்கள் மருமக்கள் வழியைப் பின்பற்றின என்பதை நேயர்கள் அறிவர். நாஞ்சில் நாட்டு வேளாளர்களும் அவ்வழியில் இருந்தனர். அதனால் விளைந்த அல்லல்களைத்தான் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'மருமக்கள் வழி மான்மியம்' என்று பாடினார். கொல்லம் 1100-ல், அதாவது 1925-ல், நாயர்களுக்கும், மறு ஆண்டில் நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கும் சட்டங்கள் பிறந்தன. கூட்டுச் சொத்தை ஆளுக்கொரு பங்காகப் பிரிக்கும் 'ஆளோகரி' முறை நாயர் தறவாடுகளில் வந்தது. ஆளுக்கொரு பங்கு என்றால், ஆள் யார் யார் என்று முதலில் தெரிய வேண்டும். எந்தத் தாய்வழி, அவள் எந்த மூதாட்டியின் மகள், அவளுடன் பிறந்தாள் எங்கே போனாள், அவள் மக்கள் எத்தனை பேர் என்று வீடுதோறும் ஓர்மை கிளறப்பட்டது. 'ஓர்மை இல்ல' என்ற விடை அங்கே ஏலாது. ஒரு கிழவியை மறந்தால் ஒரு கிளைக்கே பங்கு போய்விடும்.

இதன் விளைவைப் பாட்டியின் வீட்டுத் திண்ணையிலேயே நான் கண்டேன். அடுத்த விளையில் ஒரு பழைய நாயர் வீடு. அவ்வீட்டுப் பெரியவர் தம் தாய், தாயின் தாய், அவள் தாய் என்று ஐந்து தலைமுறைப் பெண்களின் பெயரை மூச்சுவிடாமல் சொல்வார். எங்கள் குடும்பம் மக்கள் வழி. பாட்டியால் தம் தந்தையின் முன்னோரை நான்கு தலைமுறை வரை சொல்ல முடியும். தாயின் தாய் பெயர் என்ன என்று கேட்டேன். இம்முறை நான்காவதாக ஒரு விடை வந்தது. "அத யாரும் இதுவரை எங்கிட்ட கேட்டதில்ல மக்ளே." சொல்லிவிட்டுத் தமக்கே வியப்புண்டானது போல் என்னைப் பார்த்தார். அவர் அந்த மூதாட்டியின் மடியில் வளர்ந்தவர். அவர் போட்ட பாம்படம், அவர் சுட்ட ஆப்பம், அவர் இறந்த நாளில் பெய்த மழை எல்லாம் ஓர்மையில் உண்டு. ஆனால் அவரைப் 'பாட்டி' என்றே அழைத்தமையால் பெயர் தேவைப்படவே இல்லை.

அரசர்களின் நினைவு இதற்கு நேர்மாறானது என்று எண்ணத் தோன்றும். பாறசாலையிலிருந்து சில மைல் தொலைவில், இன்று குமரி மாவட்டத்தில் உள்ள முஞ்சிறைக்கு அருகே பார்த்திவபுரம் என்ற ஊர் இருக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே விஷ்ணு கோயில் எடுப்பித்து, காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கைப் பின்பற்றித் தொண்ணூற்றைந்து மாணவர்களுக்கு ஒரு கல்விச் சாலையும் நிறுவினான். அச்செய்தியைக் கூறும் செப்பேடு தமிழில், வட்டெழுத்தில் அமைந்தது. முஞ்சிறைச் சபையாரிடமிருந்து அவன் பெற்ற நிலத்தின் பெயர் உலக்குடிவிளை. இஞ்சிவிளையும் களியக்காவிளையும் எவ்வளவு பழைய குடியைச் சேர்ந்த பெயர்கள் என்பதைப் பாருங்கள்! அதைவிட வியப்பானது அதன் காலக் குறிப்பு. கலியுகம் தொடங்கி 14,49,087 நாள் சென்றபின் என்று நாளை எண்ணிச் சொல்கிறது செப்பேடு. அது கி.பி. 866-ஆம் ஆண்டு. பாட்டிக்குத் தம் பிறந்த மாதம் தெரியாது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முற்பட்ட எழுத்தனுக்கோ நாள்கூடப் பிசகவில்லை.

ஆயினும் அந்தத் துல்லியம் யார் நினைவில் இருந்தது? எவர் நினைவிலும் இல்லை. வட்டெழுத்தைப் படிப்போர் அருகியபின் இத்தகைய ஏடுகளும் கல்வெட்டுகளும் ஊமையாயின. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் வேணாட்டை ஆண்ட மன்னர்களின் வரிசையே மக்களுக்கும் அரண்மனைக்கும் மறந்துபோயிருந்தது. 1890-களில் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியின் தத்துவப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை கோயில் கோயிலாகச் சென்று கல்வெட்டுகளைப் படியெடுத்து, அம்மன்னர் பலரை ஆண்டுகளுடன் மீட்டுத் தந்தார். 'மனோன்மணீயம்' எழுதிய அதே சுந்தரம் பிள்ளைதான். வாய்மொழிக் கதைகள் நின்றுவிட்ட இடத்தில் அவர் தேடலைத் தொடங்கினார். 1897-ல் நாற்பத்திரண்டு வயதில் அவர் மறையாதிருந்தால் இன்னும் எத்தனை பெயர்கள் வெளிவந்திருக்குமோ!

'மனோன்மணீயம்' அச்சான 1891-ஆம் ஆண்டிலேயே சி. வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவல் 'மார்த்தாண்டவர்மா'வும் வெளிவந்தது. அந்நாவலின் நாயகனைப் பற்றி நெய்யாற்றின்கரையில் ஒரு கதை வழங்குகிறது. 1729-ல் அரசு கட்டில் ஏறுமுன், பகைவர் துரத்த ஓடிவந்த மார்த்தாண்டவர்மர் ஒரு பலாமரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினாராம். அந்த 'அம்மச்சிப் பிலாவின்' பட்ட அடிமரம் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் இன்றும் காப்பாற்றப்பட்டு வருகிறது. பொந்தைக் காட்டிக் கொடுத்தவன் ஓர் இடைச்சிறுவன். பின்னர் அவனைத் தேடியபோது காணவில்லை. வந்தவன் கண்ணனே என்று தெளிந்து மன்னர் அங்கே கோயில் எழுப்பினார் என்பது கதை. பக்தி உடையோர் அதனை அவ்வாறே கொள்ளட்டும். எனக்கு அந்தச் சிறுவன் யார் என்று அறியும் ஆசை நீங்கவில்லை. கடவுளின் பெயர் வந்த இடத்தில் மனிதப் பெயருக்கான தேடல் நின்றுவிட்டது.

இனி 1956-க்கு வருவோம். மொழிவழி மாநிலங்கள் பற்றி ஆராய 1953 டிசம்பரில் மத்திய அரசாங்கம் பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரையும் கொண்ட கமிஷனை நியமித்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை மட்டுமின்றி, நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவற்றையும் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்பது நேசமணி முதலியோர் தலைமையில் இயங்கிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் கோரிக்கை. கமிஷன் 1955 செப்டம்பர் 30-ல் அறிக்கை அளித்தது. தெற்கு நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் பெரும் பகுதியும் 1956 நவம்பர் 1-ல் சென்னை இராஜ்யத்தில் சேர்ந்தன. தமிழ் பேசுவோர் சிறுபான்மையாக இருந்த நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது.

இம்முடிவுக்குப் பெரும் ஆதாரம் ஜனத்தொகைக் கணக்கின் தாய்மொழிப் பத்தி. அப்பத்தி உண்மையில் ஒரு நினைவுக் கேள்வி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தாய்மொழியாவது, ஒருவரின் குழந்தைப் பருவத்தில் தாய் அவரிடம் பேசிய மொழி என்று கணக்கெடுப்பு விதி பின்னாளில் தெளிவாகவே வரையறுத்தது. தாய் முன்பே இறந்திருந்தால் அக்காலத்தில் வீட்டில் பேசிய மொழி. தந்தை பெயரைக் கேட்கும் அரசாங்கப் படிவங்கள் ஆயிரம் உண்டு. தாய் பேசியதைக் கேட்பது இது ஒன்றே. பாறசாலைப் பகுதியில் சந்தையில் ஒரு மொழி, அடுக்களையில் ஒரு மொழி, கோயிலில் இரண்டும். பள்ளிக்கூடத்தில் எது கற்றாரோ அதையே சொல்லித் தேடலை முடித்தவர் பலர். ஒரு சொல்லில் விடை முடிந்தது. அச்சொற்களைக் கூட்டி விழுக்காடு கண்டனர். விழுக்காட்டைக் கொண்டு கோடு கிழித்தனர். வேறு வழியும் இருந்திராது. ஆனால் கோடு விழுந்தபின், நினைவும் அதனோடு ஒத்து நடக்கக் கற்றுக்கொண்டது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இருபுறத்தாரும் துப்பாக்கிப் பிரயோகத்தை 'வெடிவைப்பு' என்பர். 1938 ஆகஸ்டு 31-ல் பொறுப்பாட்சி கோரிய மக்கள்மீது நெய்யாற்றின்கரையில் திவானின் அரசாங்கம் சுட்டது; வீரராகவன் உள்ளிட்டோர் மாண்டனர். 1954 ஆகஸ்டு 11-ல் தாய்த் தமிழகத்தோடு இணையக் கோரியவர்கள்மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், பட்டம் தாணு பிள்ளை முதலமைச்சராக இருந்த காலத்தில், போலீசார் சுட்டனர், பலர் உயிரிழந்தனர். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே பதினாறு ஆண்டுகள்; இடங்களுக்கு இடையே ஒரு பஸ் பயணம். மேற்கே நின்று 'வெடிவைப்பு' என்றால் 1938. கிழக்கே நின்று சொன்னால் 1954. ஒவ்வொரு புறமும் முதலில் கிட்டியதைக் கொண்டு தேடலை நிறுத்திவிடுகிறது. நான் பாட்டியைக் கேட்டபோது அவர் மட்டும் திருப்பிக் கேட்டார்: "எந்த வெடிவைப்பு மக்ளே? அப்பன் சொன்னதா, நான் கேட்டதா?" முதலாவது நடந்தபோது அவர் நடை பழகிய குழந்தை, இரண்டாவதன் ஓசை கேட்டபோது பதினேழு வயதுப் பெண்.

மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925-ல், மனிதன் தனியே நினைப்பதில்லை, தான் சார்ந்த கூட்டத்தின் சட்டத்துக்குள் நின்றே நினைக்கிறான் என்று எழுதினார். நாஜிகளின் சிறை முகாமில் 1945-ல் இறந்தார். அவர் கூற்றின் பொருளை, ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நாம் நன்கு அறிவோம். தில்லியில் வளரும் என் மகள் பாட்டியின் பேச்சைக் கேட்டு, ஓர்மை என்றால் என்னவென்று என்னிடம் கேட்டாள். 'ஞாபகம்' என்று சொல்லி முடித்துவிட்டேன். மாலை நான்கரை மணி வழக்கம் வீட்டிலும் தொடர்ந்தது போலும்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நடந்ததைப் பாட்டியே எனக்குச் சொன்னார். பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவர் தாள்களுடன் வந்தாராம். வயது கேட்டார். கோயில் திறந்த கதையைக் கேட்டுவிட்டு எழுபத்தைந்து என்று குறித்துக்கொண்டார். பிறகு தாய்மொழி. "ரெண்டும்" என்றாராம் பாட்டி. ஒன்றுதான் எழுதலாம், அம்மை குழந்தையில் உங்களிடம் என்ன பேசினார், நன்றாக ஓர்த்துப் பாருங்கள் என்றார் ஆசிரியை. பாட்டி ஓர்த்துப் பார்த்தார். ஆசிரியை பொறுமையுடையவர் போலும். எழுதுகோலை மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். வெகுநேரம் கழித்துப் பாட்டி சொன்னாராம்: "ஒறக்கம் பாடுனது தமிழ்ல. ஏசுனது மலையாளத்தில. சோறு தந்தப்ப ஒண்ணும் பேசல்ல."

ஆசிரியை சிரித்துக்கொண்டே எழுதினாராம். என்ன எழுதினார் என்று நான் கேட்டேன். அதைப் பாட்டி பார்க்கவில்லை. அந்நேரத்தில் தாம் பாட்டின் அடுத்த அடியைத் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.